ராக் கலைஞர்களின் கையெழுத்திட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள்: சேகரிக்கத் தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கிய கையெழுத்துப் படம் குவீன் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரியுடையது. 8-க்கு 10 அங்குலம், கறுப்பு வெள்ளை, மார்பளவு உருவம், வலது ஓரத்தில் கறுப்பு மையில் கையெழுத்து, கூடவே பொன்னிற முத்திரை ஒட்டிய சான்றிதழ். மூன்று மாதம் அதைச் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். ஒருநாள் தபால்தலை பார்க்கும் லென்ஸ் ஒன்று கைக்குக் கிடைத்தது, எடுத்து அந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். முகத்தில் இருந்த அதே சின்னச் சின்னப் புள்ளிகள் கையெழுத்திலும் இருந்தன. பேனா அந்தக் காகிதத்தைத் தொடவே இல்லை, முகமும் கையெழுத்தும் ஒன்றாகவே அச்சில் வந்தவை. விற்றவருக்கு எழுதினேன், பதில் வரவில்லை.

அது நடந்து பதினான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நிதானமாகத்தான் வாங்குகிறேன், வருடத்துக்கு இரண்டு மூன்று படங்கள். இப்போது தொடங்கும் ஒருவர் அந்த மூன்று மாதத்தையும் அந்தப் பணத்தையும் இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் தெரிந்ததையெல்லாம் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. இந்தப் படத்தில் கையெழுத்தே இல்லையென்றாலும் இதை என் வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவேனா? ஆம் என்றால் மட்டும் மேலே போங்கள். போலி தயாரிப்பவர்கள் விற்பது பெயரை. படத்தைப் பார்த்து வாங்குகிறவர் யார் எடுத்தது, எந்த வருடம், என்ன காகிதம், எப்போது பிரிண்ட் போட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவார், அந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றில் பொய் மாட்டிக்கொள்ளும். பெயரை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் கேள்விகள் தோன்றுவதே இல்லை, எனக்கும் அன்று தோன்றவில்லை.

யாருடைய கையெழுத்து?

“கையெழுத்திட்ட ஜான் லெனன் படம்” என்று ஒரு விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க் சிட்டி என்று எழுதிய கையில்லாத பனியனோடு, கறுப்புக் கண்ணாடி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். 1974 ஆகஸ்டில் நியூயார்க்கில், லெனன் அப்போது குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் பாப் க்ரூயன் எடுத்த படம் அது, அந்தப் பனியனை அவருக்குக் கொடுத்ததும் க்ரூயன்தான். அந்தப் பிரிண்டில் இருப்பது பெரும்பாலும் க்ரூயனின் கையெழுத்தாகத்தான் இருக்கும். விளம்பரம் பொய் சொல்லவில்லை, ஆனால் லெனன் கையெழுத்துப் போட்டார் என்று நினைத்து வாங்கினால் நாம்தான் ஏமாந்தோம்.

ஆகவே இது உண்மையில் இரண்டு தனித்தனிப் பொழுதுபோக்குகள். ஒன்று, படத்தில் இருக்கும் கலைஞரே கையெழுத்திட்ட படம். பெரும்பாலும் பத்திரிகைகளுக்கும் ரசிகர்களுக்கும் கொடுப்பதற்காகக் கம்பெனி அச்சிட்ட 8-க்கு 10 அங்குலப் பளபளப்புப் படங்கள், கீழே வெள்ளை ஓரத்தில் குழுவின் பெயரும் ரெக்கார்டு கம்பெனியின் பெயரும் இருக்கும். செய்தித்தாள்கள் கறுப்பு வெள்ளையில் வந்த காலம் என்பதால்தான் இவையெல்லாம் கறுப்பு வெள்ளையில் இருக்கின்றன. இன்னொன்று, புகைப்படக் கலைஞர் கையெழுத்திட்டு, எண் போட்டு, கேலரி வழியாக விற்கும் பிரிண்ட். முதலாவதில் ஆபத்து அதிகம், இரண்டாவதில் மிகக் குறைவு. புதிதாக வருகிறவர் இரண்டாவதில் தொடங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. கண் பழகும், காகிதம் பழகும், படம் எடுத்தவரிடமிருந்து கேலரி, கேலரியிலிருந்து நீங்கள் என்று பாதை நேராக இருக்கும்.

இருவரும் கையெழுத்திட்ட படங்களும் உண்டு. அபூர்வம், விலையும் அதற்கேற்ப. முதல் ஐந்து வருடம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எடுத்தவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியில் செலவழிக்கும் நேரம் ஒருபோதும் வீணாகாது. ராக் இசையின் முகம் நம் மனதில் எப்படிப் பதிந்திருக்கிறதோ அதில் பாதி பத்துப் பதினைந்து பேருடைய கண்களால் வந்தது.

அஸ்ட்ரிட் கிர்ஷெர் 1960-ல் ஹாம்பர்க்கில், பொருட்காட்சித் திடலின் வண்டிகளுக்கும் இயந்திரங்களுக்கும் நடுவே, யாருக்கும் தெரியாத ஐந்து இளைஞர்களை நிறுத்திப் படம் எடுத்தார். அன்றைய பீட்டில்ஸ் குழு அது: லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன், அவர்களோடு ஸ்டூவர்ட் சட்க்ளிஃப், பீட் பெஸ்ட். ரிங்கோ ஸ்டார் அப்போது குழுவில் இல்லை. சட்க்ளிஃப் 1962 ஏப்ரலில் இறந்துவிட்டார். அந்தப் படங்களைப் பார்க்கும்போது, புகழ் வருவதற்கு முந்தைய முகம் எப்படி இருக்கும் என்று தெரிகிறது, எனக்கு அதற்காகவே அவை பிடிக்கும்.

ஜிம் மார்ஷல், 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் பீட்டில்ஸ் நடத்திய கடைசிக் கட்டணக் கச்சேரியையும், 1967-ல் மான்டெரேயில் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸையும், 1969-ல் சான் குவென்டின் சிறையில் ஜானி கேஷையும் படம் பிடித்தவர். 2010-ல் இறந்தார். ஜெரட் மேன்கோவிட்ஸ் 1967-ல் லண்டன் மேசன்ஸ் யார்டில் இருந்த தன் ஸ்டூடியோவில், பழைய ராணுவக் கோட்டு போட்ட ஹென்ட்ரிக்ஸை எடுத்த படங்கள் இன்றும் அதிகம் தேடப்படுபவை. பேரன் வுல்மன், ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 1967-ல் தொடங்கியபோது அதன் முதல் தலைமைப் புகைப்படக்காரர், 2020-ல் காலமானார். ராபர்ட் மேப்பில்தார்ப் 1975-ல் பாடகி பட்டி ஸ்மித்தை வெள்ளைச் சட்டையில், கோட்டைத் தோளில் போட்டு, ஜன்னல் வழியே வந்த வெளிச்சத்தில் நிறுத்தினார், முதல் ஆல்பத்தின் அட்டைக்காக. மிக் ராக் 1974-ல் குவீன் குழுவின் நான்கு முகங்களை இருட்டிலிருந்து எழுந்து வருவதுபோல எடுத்தார், 2021-ல் மறைந்தார். அன்டன் கோர்பைன் 1979-ல் நெதர்லாந்திலிருந்து இங்கிலாந்து வந்து, லண்டன் லங்காஸ்டர் கேட் சுரங்க ரயில் நிலையத்தில் ஜாய் டிவிஷன் குழுவை முதுகு காட்டி நடக்கவிட்டுப் படம் எடுத்தார், அடுத்த வருடம் மே மாதம் அதன் பாடகர் இயன் கர்டிஸ் இறந்துவிட்டார்.

பென்னி ஸ்மித்தையும் சொல்ல வேண்டும். 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியம் மேடையில் கிளாஷ் குழுவின் பால் சிமோனன் தன் பேஸ் கிடாரைத் தரையில் ஓங்கி அடிக்கும் அந்தப் படம், ஃபோகஸ் சரியில்லை என்று எடுத்தவரே ‘லண்டன் காலிங்’ ஆல்பத்தின் அட்டைக்குக் கொடுக்கத் தயங்கிய படம். ஆகவே ஒரு பிரிண்ட் மங்கலாக இருக்கிறது என்பதற்காக அதை ஒதுக்க வேண்டாம், நெகட்டிவே அப்படியா இல்லை மறுபிரதி எடுத்ததால் வந்த மங்கலா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இவர்களில் ஒருவரையோ, ஒரு ஊரையோ, ஒரு ஐந்து வருடத்தையோ தேர்ந்தெடுத்துக்கொண்டு அதற்குள் சேர்க்கத் தொடங்குங்கள். எல்லாரையும் சேர்க்கப் போனால் யாரையும் ஆழமாகத் தெரிந்துகொள்ள முடியாது, தெரியாத இடத்தில்தான் போலி நுழையும்.

காகிதத்தைப் படிப்பது

மூன்று சாமான் வேண்டும்: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நல்ல டார்ச், சுத்தமான உலர்ந்த கை. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

லென்ஸை முகத்தின் கன்னப் பகுதியில் வையுங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுக்கூடத்துப் படம், போட்டோ அல்ல. தூவி விட்டதுபோலக் கண்டபடி நுண்புள்ளிகள், அதிலும் கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலமும் மஞ்சளும் கலந்த புள்ளிகள் தெரிந்தால் இன்க்ஜெட். புள்ளியே இல்லாமல், சாம்பல் நிறம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டு போய், நடுவில் மணல்போல ஃபிலிமின் மணிகள் மட்டும் தெரிந்தால் அது இருட்டறையில் கழுவி எடுத்த சில்வர் ஜெலட்டின் பிரிண்ட், அதாவது வெள்ளி கலந்த ஜெலட்டின் பூச்சுள்ள காகிதத்தில் வந்த படம். அப்புறம் லென்ஸை அப்படியே கையெழுத்தின் மேல் நகர்த்துங்கள். பேனாவின் மை காகிதத்தின் மேல் தனிப் படலமாக உட்கார்ந்திருக்கும், அதில் புள்ளி இருக்காது. டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்து அடித்தால் மையின் மினுமினுப்பு படத்தின் மினுமினுப்பிலிருந்து வேறாகத் தெரியும், பால்பாயின்ட் பேனா என்றால் பள்ளமே தெரியும்.

இதையும் தாண்டி ஒரு ஏமாற்று உண்டு: கையெழுத்துள்ள படத்தை மறுபடி போட்டோ எடுத்து உண்மையான போட்டோக் காகிதத்தில் பிரிண்ட் போடுவது. அப்போது எங்குமே புள்ளி இருக்காது. ஆனால் மையும் படத்துக்குள்ளேயே இருக்கும், சாய்வெளிச்சத்தில் எழுத்துக்குத் தனி மினுமினுப்பு வராது.

இப்போது படத்தைத் திருப்புங்கள். எனக்கு எப்போதும் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் அதிகம் சொல்லும். பிளாஸ்டிக் பூச்சு இல்லாத பழைய ஃபைபர் காகிதம் கையில் காகிதமாகவே இருக்கும், ஓரம் லேசாகச் சுருண்டிருக்கும். ஆர்.சி. எனப்படும் பிளாஸ்டிக் பூச்சுக் காகிதம் வழவழவென்று இருக்கும். அந்தப் பூச்சுக் காகிதம் பரவலானது 1970-களில்தான். ஹென்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பர் 18-ல் இறந்தார், ஜானிஸ் ஜாப்லின் அதே வருடம் அக்டோபர் 4-ல், பிரையன் ஜோன்ஸ் 1969 ஜூலை 3-ல், ஜிம் மாரிசன் சரியாக இரண்டு வருடம் கழித்து அதே ஜூலை 3-ல். இவர்கள் நால்வரில் யாருடைய கையெழுத்தாவது பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்தில் இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், கையெழுத்தை ஆராயவே வேண்டாம். பேனாவுக்கும் இதே கணக்குதான். ஷார்ப்பி மார்க்கர் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1964-ல். 1962-ல் போட்டதாகச் சொல்லும் கையெழுத்து அந்த மார்க்கரில் இருக்க முடியாது.

பின்பக்கத்தில் புகைப்படக்காரரின் முத்திரை, பத்திரிகை அலுவலகத்தின் தேதி முத்திரை, ஒட்டிய செய்திக் குறிப்பு, பென்சிலில் அளவு குறித்த கோடுகள் எல்லாம் நல்ல அறிகுறிகள். கறுப்புப் பகுதிகளின் ஓரத்தில் சாய்த்துப் பார்த்தால் நீலமும் வெள்ளியுமாக ஒரு மினுக்கம் தெரிவதும் வயதின் அடையாளம், படத்தின் வெள்ளி மேலே வருவதால் வருவது. ஆனால் கவனம், இதெல்லாம் படம் பழையது என்பதற்கு மட்டுமே சாட்சி. அமெரிக்கச் செய்தித்தாள்கள் பல தங்கள் பழைய படக் கிடங்குகளை விற்றுவிட்டன, ஆகவே உண்மையான அறுபதுகளின் படங்கள் கையெழுத்து இல்லாமல் மலிவாகவே கிடைக்கின்றன. ஒருவர் அதை வாங்கிக் கையெழுத்தை மட்டும் நேற்று போட்டிருக்கலாம். இதற்கு ஒரு நல்ல சோதனை, பழைய மடிப்பு. காகிதம் மடிந்து வெடித்த இடத்தைக் கையெழுத்து கடந்து போகிறதா என்று பாருங்கள். மை வெடிப்புக்குள் இறங்கிக் கசிந்திருந்தால் வெடிப்பு முதலில் வந்தது, கையெழுத்து பிறகு வந்தது. காகிதத்தோடு சேர்ந்து மையும் உடைந்திருந்தால் கையெழுத்துதான் மூத்தது.

கையெழுத்தைப் படிப்பது

மனிதன் வேகமாகக் கையெழுத்துப் போடும்போது பேனா காகிதத்தில் இறங்குவதற்கு முன்பே கை நகரத் தொடங்கிவிடும், முடியும்போதும் கை நகர்ந்துகொண்டேதான் மேலே எழும். அதனால் கோட்டின் தொடக்கமும் முடிவும் கூராக, வால்போல மெலியும். பார்த்துப் பார்த்து வரைபவரின் கோடு மொட்டையாகத் தொடங்கி மொட்டையாக முடியும், வளைவுகளில் நடுக்கம் இருக்கும், நடுவே நின்று யோசித்த இடத்தில் மை ஊறியிருக்கும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள், அப்போது பெயர் மறைந்து கோடு மட்டும் தெரியும். இதை நான் ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் கற்றேன், இன்றுவரை தினமும் பயன்படுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிகள் அதே காலத்தவையாக இருக்க வேண்டும். ஒருவரின் 1963 கையெழுத்தும் 1975 கையெழுத்தும் இரண்டு வேறு ஆட்கள் போட்டதுபோல இருக்கும். லெனனின் கையெழுத்தோடு தன் முகத்தையும் யோகோ ஓனோவின் முகத்தையும் கோட்டுச் சித்திரமாக வரைந்திருப்பது அவருடைய பிற்காலப் பழக்கம், பீட்டில்ஸின் ஆரம்ப காலப் படத்தில் அப்படி இருந்தால் கேள்வி எழுப்ப வேண்டும். அதேபோல ஹென்ட்ரிக்ஸ் பெயருக்கு முன்னால் “பி க்ரூவி” என்றோ “ஸ்டே க்ரூவி” என்றோ அடிக்கடி எழுதுவார். போலி செய்பவர்களுக்கும் அது தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

போலியே அல்லாத, ஆனால் உண்மையும் அல்லாத கையெழுத்துகள்தான் பெரிய தலைவலி. பீட்டில்ஸ் கூட்டத்துக்குப் பயந்து அறைக்குள் அடைபட்டுக் கிடந்த நாட்களில் அவர்களுடைய ரோடு மேனேஜர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவான்ஸும் நால்வர் பெயரையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எல்விஸ் பிரெஸ்லிக்குச் செயலாளர்கள் போட்டார்கள். பீட்டில்ஸ் ரசிகர் மன்றம் அனுப்பிய படங்களில் கையெழுத்து அச்சிலேயே இருந்தது. இவையெல்லாம் அந்தக் காலத்துப் பொருட்கள்தான், அவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள் சத்தியமாக அசல் என்றே நம்புகின்றன, விற்கும்போது பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் கலைஞரின் கை பட்டதல்ல. நால்வர் கையெழுத்தும் ஒரே பேனாவில் இருப்பது சாதாரணம், ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நான்கும் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், ஒரே வேகம் என்றால்தான் ஒரே கை.

ஒருவரின் கையெழுத்தைப் பேனா பிடித்து அப்படியே போடும் ஆட்டோபென் என்ற இயந்திரமும் இருக்கிறது. 2022 நவம்பரில் பாப் டிலனின் புத்தகம் ஒன்று, அவர் கைப்படக் கையெழுத்திட்டது என்று 599 டாலருக்கு விற்கப்பட்டு, வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளை இணையத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இயந்திரக் கையெழுத்து என்று தெரிந்தது. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, டிலனும் வருத்தம் தெரிவித்தார். கண்டுபிடிக்கும் வழி இதிலேயே இருக்கிறது: யாரும் இரண்டு முறை அச்சு மாறாமல் ஒரே மாதிரி கையெழுத்துப் போட முடியாது. ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் முழுவதும் பொருந்தினால் அது இயந்திரம். கோடு முழுக்க ஒரே தடிமனாக ஓடுவதும், தொடக்கத்திலும் முடிவிலும் மைப்பொட்டு இருப்பதும் துணை அறிகுறிகள்.

இன்னொரு விஷயம், கலைஞர் எப்போது கையெழுத்துப் போடுவதை நிறுத்தினார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரிங்கோ ஸ்டார் 2008 அக்டோபரில் வெளிப்படையாக அறிவித்தார், அந்த மாதம் 20-ம் தேதிக்குப் பிறகு வரும் ரசிகர் தபால் எதிலும் கையெழுத்திடப் போவதில்லை என்று. போன வருடம் அவருக்குத் தபாலில் அனுப்பி வாங்கினேன் என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

தாய்ப்பத்திரம் கேளுங்கள்

நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிக்கிறோம். இதற்கும் அதே வழிதான். இந்தப் படம் கலைஞரின் கையிலிருந்து யாரிடம் போனது, அவரிடமிருந்து யாருக்கு, எந்த வருடம், எந்த ஊரில், அந்தக் கச்சேரி அந்தத் தேதியில் உண்மையில் நடந்ததா? கச்சேரித் தேதிகளை இன்று யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நுழைவுச் சீட்டு, கடிதம், அன்று எடுத்த போட்டோ ஏதாவது கூடவே இருந்தால் நான் விலையில் கொஞ்சம் கூடக் கொடுக்கத் தயங்க மாட்டேன்.

சான்றிதழ் என்ற காகிதத்துக்கு அதைக் கொடுத்தவரின் மதிப்பு மட்டுமே உண்டு. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஆபரேஷன் புல்பென் என்ற பெயரில் கள்ளக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தபோது, அந்தப் போலிகளோடு சான்றிதழ்களும் சேர்ந்தே விற்கப்பட்டிருந்தன. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்கள் பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்கின்றன, அவற்றின் சான்றிதழ் எண்ணை அவர்கள் தளத்திலேயே சரிபார்க்கலாம். ஆனால் இவை வளர்ந்தது பெரும்பாலும் விளையாட்டு வீரர்களின் கையெழுத்துகளில். பீட்டில்ஸ், ஹென்ட்ரிக்ஸ் அளவுக்குப் போகும்போது இசைக் கையெழுத்துகளை மட்டுமே பல பத்தாண்டுகளாகப் பார்த்துவரும் தனி நிபுணரின் கருத்தையும் வாங்குங்கள். செலவுதான், ஆனால் அந்த விலைக்கு முன்னால் சின்னச் செலவு.

வாங்கும்போது, எத்தனை வருடம் கழித்தும் போலி என்று தெரிந்தால் பணம் திரும்ப வரும் என்று எழுத்தில் தருபவரிடம் வாங்குங்கள். ஏலத்தில் எடுத்தால், நீங்கள் கேட்ட விலையின் மேல் ஏல நிறுவனத்தின் பங்கு 20 சதவீதத்துக்கும் மேல் சேரும், தபால் செலவும் சுங்க வரியும் அதற்கு மேல். இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் கையைத் தூக்க வேண்டும். அனுப்பும்போது சுருட்டாமல் தட்டையாக, இரண்டு கனமான அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பச் சொல்லுங்கள், ஃபைபர் பிரிண்டைச் சுருட்டினால் மேலே இருக்கும் ஜெலட்டின் வெடிக்கும்.

புகைப்படக் கலைஞர் கையெழுத்திட்ட பிரிண்ட் என்றால் கேள்விகள் வேறு. நெகட்டிவ் எந்த வருடம், பிரிண்ட் எந்த வருடம்? எடுத்த காலத்திலேயே போட்டதா, பிற்காலத்தில் போட்டதா? அவரே இருட்டறையில் போட்டாரா, அவர் மேற்பார்வையில் வேறொருவரா, டிஜிட்டலா? 12/50 என்று போட்டிருந்தால் அந்த 50 இந்த அளவுக்கு மட்டுமா, இல்லை எல்லா அளவுக்கும் சேர்த்தா? சிலர் 11-க்கு 14-ல் ஐம்பது, 16-க்கு 20-ல் ஐம்பது, 20-க்கு 24-ல் ஐம்பது என்று தனித்தனியாக எண் போடுவார்கள், அப்போது மொத்தம் 150. இதற்கு மேல் ஏ.பி. என்று குறித்த சொந்தப் பிரதிகளும் உண்டு. ஜிம் மார்ஷல்போல மறைந்தவர்களின் படங்களில் அவர் உயிரோடு இருந்தபோது கையெழுத்திட்டதும், பிறகு குடும்பமோ நிர்வாகிகளோ முத்திரை வைத்து வெளியிட்டதும் இரண்டு வேறு விலை, இரண்டு வேறு பொருள். புகைப்படக் கலைஞர் ஹென்றி டில்ட்ஸ் பங்குதாரராக நிறுவிய மாரிசன் ஹோட்டல் கேலரி போன்ற இடங்களில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது அன்றாட வேலை. பதில் சொல்லத் தடுமாறுகிறவரிடம் வாங்க வேண்டாம்.

நீங்களே வாங்கும் கையெழுத்து

நம் கண் முன்னால் போட்ட கையெழுத்துக்கு எந்த நிபுணரும் தேவையில்லை. அயர்ன் மெய்டன் 2007-லும் மெட்டாலிகா 2011-லும் பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு வந்தார்கள், யூ2 2019 டிசம்பரில் நவி மும்பைக்கு வந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் நெருங்குவது கடினம் என்பது உண்மை, ஆனால் சிறிய அரங்குகளில் வாசிக்கும் பழைய குழுக்கள், தனியாகச் சுற்றும் கிடார் கலைஞர்கள், பேசவோ புத்தகம் வெளியிடவோ வரும் புகைப்படக் கலைஞர்கள், இவர்களை நெருங்க முடியும்.

படத்தை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். இணையத்திலிருந்து இறக்கி மூலைக்கடையில் பிரிண்ட் போட்டதைக் கொண்டுபோகாதீர்கள், பழைய விளம்பரப் படமோ பத்திரிகைப் படமோ அசலாக வாங்கிக்கொண்டு போங்கள். அந்தக் கலைஞர் அதைப் பார்க்கும்போது முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன், எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள், நின்று பேசுவார்கள். ஒன்று அல்லது இரண்டு படம் போதும், பத்தை நீட்டினால் வியாபாரி என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார்கள். உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். விலை குறையும் என்று சிலர் தடுப்பார்கள். குறையட்டும். பெயர் எழுதிய படத்தை வாங்குபவர் குறைவு என்பதால்தான் போலி செய்பவர்களும் பெயர் எழுதுவதில்லை, வாங்கும்போதும் பெயர் எழுதிய படம் நமக்கு நல்லதே.

பேனா விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்தின் வெளிறிய பகுதிக்கு நீல ஷார்ப்பிதான் என் முதல் தேர்வு, ஏனென்றால் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் இடத்தில் நீலம் பேனாவால் வந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருட்டான பின்னணி, கறுப்புத் தோல் கோட்டு என்றால் வெள்ளி நிற பெயின்ட் மார்க்கர். அதை நன்றாகக் குலுக்கி, வேறு காகிதத்தில் அழுத்தி ஓடவிட்ட பிறகே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் முதல் எழுத்திலேயே சொட்டும். புதுப் பளபளப்புக் காகிதத்தில் மை ஒட்டாமல் திரளும், முன்பே உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் லேசாகத் துடைத்துவிட்டால் பிடிக்கும். எழுதி முடித்ததும் பிளாஸ்டிக் உறைக்குள் போடாதீர்கள், சில நிமிடமாவது காயட்டும். அன்றைக்கே தேதி, ஊர், அரங்கு, என்ன பேசினீர்கள் என்று எழுதி வையுங்கள், கையெழுத்துப் போடும்போது யாராவது ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது. நாளைக்கு அதுதான் அந்தப் படத்தின் தாய்ப்பத்திரம்.

தபாலில் கேட்பவர்கள், கலைஞரின் மேலாளர் அலுவலகத்துக்கோ ரசிகர் மன்றத்துக்கோ அனுப்புங்கள், வீட்டு முகவரியைத் தோண்டி எடுத்து அனுப்புவது முறையல்ல. உங்கள் முகவரி எழுதிய திரும்பு உறை, அதில் அந்த நாட்டுத் தபால்தலை (நம் தபால்தலை அங்கிருந்து திரும்பி வர உதவாது), வளையாத அட்டை, கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம். அந்தக் கடிதத்தில் உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஏதாவது ஒன்று இருக்கட்டும், எந்தப் பாட்டை எந்த வயதில் எங்கே கேட்டீர்கள் என்பதுபோல. எழுபதுகளின் ஒரு பிரிட்டிஷ் குழுவின் டிரம்மருக்கு நான் அப்படி எழுதினேன். ஏழு மாதம் கழித்து கையெழுத்தோடு படமும், அந்த டிரம்ஸை அன்று எப்படி வைத்து வாசித்தார் என்று அரைப் பக்கக் குறிப்பும் வந்தன. பாடகரை எல்லாரும் கேட்பார்கள். டிரம்மரையும் பேஸ் வாசித்தவரையும் கேளுங்கள்.

வீட்டில் வைத்துக்கொள்வது

ஒட்டும் பக்கங்களுள்ள பழைய ஆல்பமும், பி.வி.சி. உறையும் வேண்டவே வேண்டாம், படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறை, அமிலமில்லாத அட்டை, அமிலமில்லாத பெட்டி. லேமினேஷன் செய்தால் அந்தப் படத்தை நாமே கொன்றதாகும்.

சுவரில் மாட்டுவதென்றால் நடுவில் ஜன்னல்போல வெட்டிய மவுன்ட் போட்டு, கண்ணாடி படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர்களில் இது உயிர்ப் பிரச்சினை, மழைக்காலத்தில் ஈரம் 60, 65 சதவீதத்தைத் தாண்டும்போது ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். படத்தை டேப்போ பசையோ போட்டு ஒட்டாமல் நான்கு மூலைகளையும் சிறு காகித உறைகளில் செருகிப் பிடிக்கச் சொல்லுங்கள், ஃபிரேம் போடும் கடைக்காரருக்குத் தெரியாது, பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் போடுங்கள், ஆனாலும் வெயில் படும் சுவர் கூடாது. சில்வர் பிரிண்ட் தாங்கினாலும் மார்க்கர் மை தாங்காது, சில வருடத்தில் முகம் மட்டும் இருக்கும், பெயர் வெளுத்துப் போயிருக்கும்.

பீரோவில் வைத்தால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள், அந்துருண்டை வேண்டாம். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பின்பக்கத்தில் எழுத வேண்டுமானால் ஃபைபர் காகிதத்தில் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பூச்சுக் காகிதத்தில் பென்சில் பிடிக்காது, உறையின் மேல் எழுதிக்கொள்ளுங்கள்.

படம் நம்முடையது, படத்தின் உரிமை நம்முடையதல்ல என்பதும் நினைவிருக்கட்டும். லின் கோல்ட்ஸ்மித் 1981-ல் பாடகர் பிரின்ஸை எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து ஆன்டி வார்ஹால் செய்த ஓவியம் ஒன்றைப் பத்திரிகைக்கு உரிமம் கொடுத்ததே வழக்காகி, 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கோல்ட்ஸ்மித்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் பிரிண்டை வீட்டில் மாட்டலாம், விற்கலாம். அதைப் பிரதியெடுத்து விற்கவோ டி-ஷர்ட்டில் போடவோ முடியாது.

கடைசியாக ஒரு நோட்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம்: எடுத்தவர், நெகட்டிவ் வருடம், பிரிண்ட் வருடம், காகிதம், யார் கையெழுத்து, எந்தப் பேனா, யாரிடமிருந்து, என்ன விலை, ரசீது எங்கே இருக்கிறது. போலி என்று தெரிந்ததற்கும் பக்கம் ஒதுக்குங்கள். அதைத் திரும்ப விற்றுப் பணத்தை மீட்க நினைக்காதீர்கள், அது இன்னொருவரின் முதல் படமாகிவிடும். நான் அந்த மெர்குரி படத்தின் பின்னால் “அச்சுக் கையெழுத்து” என்று பென்சிலால் எழுதி வைக்காமல், அழியாத மையால் எழுதி வைத்திருக்கிறேன். பெட்டியில் முதல் உறையில் அதுதான் இருக்கிறது. புதுப்படம் எது வந்தாலும் பக்கத்தில் அதை வைத்து, லென்ஸை முதலில் அதன் மேலும் பிறகு இதன் மேலும் நகர்த்திப் பார்க்கிறேன்.